உறுமலுக்கு ஒரு வக்காலத்து

நம் பக்கத்து மெல்லிசை மேடைகளில் பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் பாட ஆரம்பித்துவிடுகிறார். அவரை யாரும் அழைப்பதில்லை. அவருக்குத் தாம்பூலம் வைப்பதில்லை. எந்தப் பாடகரின் சுருதியோடும் அவர் சேருவதில்லை. எலெக்ட்ரிக் கிதாரின் ஒயரைச் சொருகியதும் "ம்ம்ம்" என்று எழுகிறதே, அவரைத்தான் சொல்கிறேன். விருதுநகரில் அவர் எடுக்கிற சுருதிதான் விசாகப்பட்டினத்திலும். திருத்தங்கலில் எடுப்பதுதான் தில்லியிலும். இந்தியா முழுவதும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுகிறது. அந்த ஐம்பதுதான் இந்தத் தம்பூரா. அமெரிக்காவில் 60 சுற்று; அங்கே இவர் கொஞ்சம் உசந்த சுருதியில் பாடுவார். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இவரளவு உழைத்தவர் வேறு யாரும் இல்லை.

இவர் விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முதலாவது சகிப்புக் கட்சி. "மைக் செட் என்றால் அப்படித்தான் இருக்கும், பாட்டைக் கேளுங்கள்" என்பது அதன் கொள்கை. இரண்டாவது அடக்குமுறைக் கட்சி. "எதையாவது பிடுங்கு, எதையாவது முறி, சத்தம் நின்றால் சரி" என்பது அதன் கொள்கை. முதல் கட்சி காதைக் கெடுக்கிறது. இரண்டாவது கட்சி ஆளைக் கொல்லுகிறது. நான் இரண்டுக்கும் எதிர்க்கட்சி. உறுமல் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"கதை எழுதுகிற உமக்கு ஒயரும் பிளக்கும் எதற்கு?" என்று கேட்கலாம். கேட்கிறவர் தயவு செய்து கடைசிவரை படிக்கட்டும்.

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். எலெக்ட்ரிக் கிதாரில் தந்திகளுக்கு அடியில் 'பிக்-அப்' என்று ஒன்று இருக்கிறது. காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு கம்பிச் சுருளில் மின்சாரமாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி நமக்குத் தருகிறது. ஆனால் அந்தச் சுருள் வித்தியாசம் பார்க்கத் தெரியாத அப்பாவி. தந்தி அசைத்த புலமும் சரி, பக்கத்து டிரான்ஸ்பார்மர் அசைத்த புலமும் சரி, அதற்கு ஒன்றேதான். இரண்டையும் சமமாக வாங்கி உள்ளே அனுப்பிவிடுகிறது.

இந்த அப்பாவிக்குப் புத்தி சொல்லிக் கொடுத்தவர் அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியில் இருந்த ஸெத் லவர் என்ற எஞ்சினீயர். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றை ஒரு பக்கமாகவும் மற்றதை எதிர்ப் பக்கமாகவும் இணைத்தார். காந்தங்களையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டு சுருளிலும் எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் நாதம் மட்டும் கூடி நிற்கும். 1955இல் உரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. 'ஹம்பக்கர்' என்று அதற்குப் பெயர். உறுமலை மறுத்துத் தள்ளுவது என்று அர்த்தம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த மனிதரின் மனோபாவத்தை. சத்தம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது, நாதத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து யோசித்தார். யோசித்ததனால் எதையும் முறிக்காமல் காரியம் நடந்தது.

அந்த யோசனையை நம் மேடையிலும் செய்யலாம். ஐந்து நிமிஷ வேலை. கிதாரிலுள்ள வால்யூம் குமிழை அடியோடு குறையுங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றம் கிதாருக்குள்ளே அல்லது அது வாங்கிக்கொள்ளும் புலத்திலே. நிற்கவில்லையென்றால் குற்றம் அதற்கு அப்பால். அடுத்தபடியாக ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருக்கும் ஒயரைப் பிடுங்குங்கள். அப்போதும் உறுமினால் வியாதி ஆம்ப்ளிஃபயருக்கே. வயதாகி வறண்டுபோன கண்டென்ஸராக இருக்கலாம், அப்போது உறுமலின் சுருதி ஐம்பதாக இராமல் நூறாக இருக்கும். நின்றுவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள். அசைத்தால் கரகரவென்கிறதா? அது உறுமலே அல்ல. ஈயப்பற்று விட்டுப்போன பிளக். ஓர் அணாப் பெறாத சங்கதி.

கிதாரைப் பிடித்தபடியே நின்ற இடத்தில் மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் கூடி, ஒரு திசையில் குறைகிறதா? அப்படியானால் பக்கத்தில் ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மரோ, கலர் விளக்கை மங்கவும் பிரகாசிக்கவும் செய்கிற டிம்மரோ குற்றவாளி. நாலடி தள்ளி உட்கார்ந்தால் பாதி வியாதி போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாமல் இருந்தால், அதிலும் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் தனியாக இருக்கையில் சாதுவாக இருந்துவிட்டு, மைக் செட்காரரின் மிக்ஸரோடு இணைத்ததும் உறுமத் தொடங்கினால், அங்கேதான் நம் கதை ஆரம்பமாகிறது.

மேடையிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கம்பத்திலிருந்து மின்சாரம். அறுபது எழுபது அடி தள்ளிப் பந்தலின் கோடியில் உட்கார்ந்திருக்கும் மைக் செட்காரருக்கு வேறு கம்பத்திலிருந்து மின்சாரம். இரண்டுக்கும் தனித்தனி எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும். இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்ததும், அந்த ஏற்றத்தாழ்வு ஒயரின் மேல்வலை வழியாக ஓடிச் சமனாகப் பார்க்கிறது. அந்த ஓட்டம்தான் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கிறது. 'எர்த் லூப்' என்று இதற்குப் பெயர்.

நேர்மையான பரிகாரம் இரண்டு உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுப்பது ஒன்று. நடுவே சின்னதாக ஒரு தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் உள்ள டி.ஐ. பெட்டியை வைத்து, பாட்டுக்கான ஒயரில் மட்டும் அந்த வளையத்தை அறுப்பது மற்றது. நேர்மையில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. அது மிகவும் சுலபம். ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் தடித்த பின் இருக்கிறதே, அதை முறித்துவிடுவது. அல்லது அதற்குள்ளே போகும் பச்சை ஒயரைக் கழற்றிவிடுவது. உறுமல் சட்டென்று நின்றுவிடும். கமிட்டித் தலைவர் முகம் மலரும். "அண்ணாச்சி கெட்டிக்காரர்" என்பார்கள்.

அந்தத் தடித்த பின் ஏன் தடித்திருக்கிறது என்று யாராவது யோசித்தோமா? மற்ற இரண்டையும்விட அது நீளமும்கூட. சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்சாரம் வருவதற்கு முன்பே காவல்காரன் வந்துவிடுகிறான். மின்சாரம் போன பிறகுதான் அவன் போகிறான். இப்படிப்பட்ட ஊழியனைத்தான் நாம் ஒரு உறுமலுக்காகக் கழுத்தைத் திருகிப் போடுகிறோம்.

பிறகு என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதுதான் இதிலுள்ள ஆபத்து. பத்துத் திருவிழா ஒன்றுமில்லாமல் கழியும். பதினோராவது திருவிழாவில் ஆம்ப்ளிஃபயருக்குள்ளே ஒரு ஒயர் தேய்ந்து இரும்புப் பெட்டியைத் தொடும். காவல்காரன் இருந்திருந்தால் மின்சாரம் பூமிக்குப் பாய்ந்து, பியூஸ் போய், பாட்டு நின்றிருக்கும், அவ்வளவோடு போயிற்று. அவன் இல்லை. ஆகவே பெட்டியிலிருந்து ஒயரின் மேல்வலை வழியாகக் கிதாருக்கு வந்து, தந்திகளில் 230 வோல்ட்டும் குடியேறிவிடும். தந்தியின் மேல் வாசிக்கிறவனின் விரல்கள். பாட வேண்டியது அவன் முறை. உதட்டை மைக்கிடம் கொண்டுபோகிறான். மைக் வேறு வழியாகப் பூமியோடு சேர்ந்திருக்கிறது. கையிலிருந்து உதட்டுக்குப் போகிற பாதை நெஞ்சு வழியாகத்தான் போகிறது.

இது என் கற்பனை அல்ல. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' என்ற குழுவின் கிதார்க்காரர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்ணெதிரே மேடையில் செத்தார். வயது 27. 1976 மே மாதம் லண்டனில், 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிக்கொண்டிருந்த கீத் ரெல்ஃப், தம் வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிதாரோடு இருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33. அவர்கள் ஊரில் ஒழுங்கும் சட்டமும் பணமும் உண்டு. அங்கேயே இந்தக் கதி.

நம் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். விருதுநகரில் பங்குனிப் பொங்கல். அக்கினிச் சட்டி ஏந்திவருகிறவர்களின் பாதம் சுடாமலிருக்கத் தெருவெல்லாம் தண்ணீர். மஞ்சள் நீர், வியர்வை, வெறுங்கால். தலைக்கு மேலே சீரியல் பல்பு, காலுக்குக் கீழே ஒட்டுப்போட்ட ஒயர். ஒரு மேடைக்குப் பின்னால் போய் நானே பார்த்திருக்கிறேன்: பிளக்கே கிடையாது, இரண்டு ஒயர்களின் தோலைச் சீவிச் சாக்கெட்டில் நுழைத்து, நழுவாமலிருக்க இரண்டு தீக்குச்சிகளை ஆப்பாக அடித்திருந்தார்கள். இரண்டு ஒயர், இரண்டு குச்சி. மூன்றாவது துளை தூசி படிந்து கிடந்தது. தீப்பெட்டி செய்கிற சீமையில் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் அதைத் தேடித்தேடி இந்த இடத்திலா உபயோகிக்க வேண்டும்?

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. வேறு ஜில்லாக்காரர்கள் எர்த்தைப் பற்றி அறியாமல் இருந்தால் மன்னிக்கலாம். நமக்கு அந்த மன்னிப்புக் கிடையாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாள்முதல், பொறி என்றால் என்ன என்று மூன்று தலைமுறையாகப் படித்துவருகிற பூமி இது. சிவகாசியில் வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணைக் கேளுங்கள். நைலான் துணி உடுத்தக் கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பாள். மருந்து அறையில் இரும்புச் சாமான் புழங்கக் கூடாது என்பாள். வறண்ட காற்றில் மனித உடம்பிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் சேர்ந்துவிடும், மருந்தைத் தொடுமுன் அதைப் பூமிக்கு இறக்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே எர்த் இணைப்பும் ரப்பர் விரிப்பும். மருந்துக் கட்டடங்களுக்கு இடிதாங்கி. இவ்வளவும் தெரிந்த ஊர், சாயங்காலம் ஆனதும் மேடைக்குப் பின்னால் போய் எர்த் பின்னை முறிக்கிறது!

தெரிந்ததைச் செய்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே பகலில் போயின. அதற்கு முன்னும் போயின, பின்னும் போயின. ஒவ்வொரு தடவையும் மறுநாள் பத்திரிகையில் ஒரு வார்த்தை வருகிறது: "உராய்வு". மருந்து உராய்ந்ததாம். மேடையில் ஒருவன் செத்தால் அதற்கும் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: "மின்கசிவு". மின்சாரம் கசிந்ததாம்.

வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த இரண்டு வார்த்தைகளின் மேலும் எனக்கு வழக்கு உண்டு. இவற்றுக்கு எழுவாய் கிடையாது. யார் உராய விட்டார்? யார் கசிய விட்டார்? அளவுக்கு மேல் மருந்தையும் ஆளையும் ஒரே அறையில் அடைத்தவர் யார்? பச்சை ஒயரைக் கழற்றியவர் யார், கழற்றச் சொன்னவர் யார், கழற்றியதைப் பார்த்தும் விளக்கேற்றி வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தவர் யார்? "உராய்வு", "மின்கசிவு" என்றதும் இந்தக் கேள்விகளெல்லாம் அடங்கிவிடுகின்றன. பச்சை ஒயரைக் கழற்றினால் உறுமல் அடங்குகிறதே, அதே தந்திரம். சத்தம் நிற்கிறது, குற்றம் நிற்கவில்லை.

எனக்கு வரக்கூடிய ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

"முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார் மைக் செட்காரர். உண்மை. வெடி ஆபீசிலும் விபத்துக்கு முந்தின நாள்வரை எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் ஆகாத நாட்களை எண்ணிக் காட்டுவது கணக்கு ஆகாது. ஆகிற நாளுக்கு அதில் பற்று எழுதவில்லை.

"ஏழைத் தொழிலாளி, அவன் தலையில் ஏன் கல்லைப் போடுகிறீர்?" என்பார் கருணையுள்ளவர். அவன் தலையில் நான் போடவில்லை. ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் பாட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று விரட்டுகிறவர் கமிட்டிக்காரர். வாசலில் தேவலோகம் போல விளக்குத் தோரணம் கட்டப் பணம் இருக்கிறது. வாண வேடிக்கைக்குப் பணம் இருக்கிறது. ஒரு எர்த் குழி வெட்டப் பணம் இல்லை. குழியில் ஒரு குழாயை இறக்கி, உப்பும் கரியும் இட்டுத் தண்ணீர் விட வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் நம் கரிசல் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஈரமில்லாத மண்ணில் எர்த் வேலை செய்யாது. ஆகவே தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மனுக்கு அத்தனை குடம் எடுக்கிறோம்; இந்தப் பூமாதேவிக்கு ஒரு குடம் எடுக்கக் கூடாதா?

"இதற்கெல்லாம் இப்போது மெஷின் வந்துவிட்டது, நாய்ஸ் கேட் என்று ஒரு பெட்டி, அதை வாங்கினால் போதும்" என்பார் நாகரிகமான ரசிகர். அந்தப் பெட்டி என்ன செய்கிறது? வாசிக்காதபோது கதவைச் சாத்திவிடுகிறது. வாசிக்கத் தொடங்கியதும் திறந்துவிடுகிறது. உறுமலும் பாட்டோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது. பாட்டின் சத்தத்தில் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு மிஞ்சுகிற கொஞ்சநஞ்சத்துக்கு அது நல்ல கருவி. பரிசோதனைக்குப் பதிலாக அதை வாங்கினால், புண்ணின் மேல் போர்த்திய பட்டுச் சால்வை.

"ஒற்றைச் சுருள் கிதாரில் உறுமல் இயற்கை, அந்த நாதத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்பார் கிதார் தெரிந்தவர். இவர் ஒருவர்தான் சரியாகப் பேசுகிறார். 1954இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கணீரென்ற நாதம் இரட்டைச் சுருளில் அப்படியே வராதுதான். அந்த உறுமல் வாத்தியத்தின் சுபாவம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எர்த் கெட்டதனால் வரும் உறுமல் நம் அலட்சியத்தின் குரல், அதைப் பொறுக்கலாகாது. எது எது என்று பிரித்தறியத்தான் விசாரணை வேண்டும் என்கிறேன்.

"கிதாரே மேல்நாட்டுச் சங்கதி, நமக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐயா, இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன்பு கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். அது நம் வாத்தியமாகி வெகுநாள் ஆயிற்று. மின்சாரமும் அப்படியே. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954லிருந்து 1963வரை முதலமைச்சராக இருந்தபோது கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். கம்பம் வந்துவிட்டது, கம்பியும் வந்துவிட்டது. பூமியோடு அதைச் சேர்க்க வேண்டும் என்ற புத்தி மட்டும் இன்னும் வழியில் நிற்கிறது.

மேடையைப் பற்றிப் படித்துவிட்டு, "நமக்கென்ன, நாம் வீட்டில் இருக்கிறோம்" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் மூன்று பின் பிளக்கை இரண்டு துளைச் சாக்கெட்டில் நுழைக்க ஒரு அடாப்டர் வைத்திருக்கிறீர்களே, அதுவும் இந்தக் கட்சிதான். பிரிட்ஜைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது, "செருப்புப் போட்டுக்கொண்டு தொடு" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அதுவும் இந்தக் கட்சிதான். உறுமல் மேடையில் காதுக்குக் கேட்கிறது; வீட்டில் விரலுக்குக் கேட்கிறது. இரண்டும் ஒரே சாட்சியின் வாக்குமூலம்.

ஆகவே திருவிழாக் கமிட்டிகளுக்கும் சபாக்களுக்கும் கல்யாண மண்டபக்காரர்களுக்கும் நான் சொல்வது நாலே விஷயம். மேடைக்கும் மைக் செட்டுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அந்தப் போர்டில், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் வழி தவறினாலே கண்ணிமைக்குமுன் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துங்கள், பழைய 60 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை அது. நல்ல எர்த் குழி வெட்டி ஈரமாக வைத்திருங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் மைக் செட்காரருக்கு அரைமணி நேரம் கொடுங்கள். அந்த அரைமணியில் உறுமினால் உறுமட்டும், அவர் தேடட்டும், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

அப்படியும் உறுமல் நிற்கவில்லையென்றால், உறுமலோடேயே கச்சேரியை நடத்துங்கள். காதுக்கு வலித்தால் வலிக்கட்டும். கிதார்க்காரப் பையன் கடைசிப் பாட்டு முடிந்து கருவியை உறையில் போட்டு, பஸ் ஏறி, தன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைவிடச் சுருதி சுத்தமான சங்கீதம் எனக்குத் தெரிந்து கிடையாது.